சுங்கச்சாவடியில் ஒரு மரம்

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போனால் பரனூர் சுங்கச்சாவடி வரும். தீபாவளிக்கு முந்தின நாள் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் கட்டணப் பலகை மனப்பாடமாகவே ஆகியிருக்கும். கார், ஜீப், வேன் ஒரு வரி. இலகு சரக்கு வண்டியும் மினி பஸ்ஸும் அடுத்த வரி. இரண்டு ஆக்சில் பஸ், லாரி அதற்கடுத்தது. பிறகு மூன்று ஆக்சில், நான்கு முதல் ஆறு ஆக்சில், கடைசியில் ஏழும் அதற்கு மேலும். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என்று அடிப்படை விகிதம் வைத்தன. அதன்பின் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சாவடியை ஒட்டியே மகேந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே வேலை பார்க்கும் புரோகிராமர் ஒருவரிடம் இந்தப் பலகையைக் கொடுத்து, சாவடிக்கு ஒரு மென்பொருள் எழுதச் சொன்னால் என்ன செய்வார்? பொதுவானது எது, வேறுபடுவது எது என்றுதான் முதலில் பிரிப்பார். எல்லா வண்டிக்கும் பதிவு எண் உண்டு. எல்லாவற்றின் கண்ணாடியிலும் ஃபாஸ்டேக் உண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். எண்ணைப் படிக்கும் வேலை காருக்கும் டிரெய்லருக்கும் ஒன்றேதான். கட்டணம் எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் ஆளுக்கு ஆள் பதில் மாறும். ஆகவே ‘வாகனம்’ என்று ஒரு கிளாஸை, அதாவது ஒரு வகையை, மேலே வைத்து, பொதுவானதையெல்லாம் அதில் எழுதுவார். அதன்கீழ் இலகு வாகனம், கனரக வாகனம் என்று இரண்டு கிளைகள். இலகுவின்கீழ் காரும் மினி பஸ்ஸும். கனரகத்தின்கீழ் பஸ்ஸும் லாரியும். லாரியின்கீழ் டிரெய்லர். கீழே இருப்பது மேலே இருப்பதன் சொத்து முழுவதையும் எழுதாமலே பெற்றுக்கொள்ளும். தனக்கு வேண்டியதை மட்டும் கூட்டும், அல்லது மாற்றி எழுதும். இதற்குத்தான் மரபுரிமை என்று பெயர். படமாகப் போட்டால் மரம். கணினிக்காரர்களின் மரம் எப்போதும் தலைகீழ்: வேர் உச்சியில், இலைகள் அடியில்.

ஒன்றன்மேல் ஒன்று கூட்டிக்கொண்டே போகும் இந்த எண்ணம் நமக்குப் புதிதில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும். நத்தைக்கு அதனோடு நாக்கு. எறும்புக்கு அவற்றோடு மூக்கு. நண்டுக்குக் கண், விலங்குக்குச் செவி, மனிதனுக்கு மனம். ஒவ்வொரு படியும் முந்தின படி முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறது. அச்சு அசலாக மரபுரிமைதான். ஆனால் கிளையே பிரியாத, நெட்டுக்குத்தான பனை. கிளைகள் வேண்டியிருந்தது நார்வேக்காரர்களுக்கு.

அவர்களுக்கும் அந்தத் தேவை ஒரு சுங்கச்சாவடியில்தான் வந்தது என்பது நம் பரனூருக்குப் பெருமை. ஆஸ்லோ நகரில் நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா என்ற மொழியை உருவாக்கி, வரிசைகளையும் நெரிசலையும் கணினிக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று, ஒரு பாலமும் அதன் முகப்பில் ஒரு சுங்கச்சாவடியும். வரிசையில் நிற்பவை லாரிகளும் பஸ்களும். இரண்டுக்கும் முக்கால்வாசி விதிகள் ஒன்றுதான். ஆனாலும் லாரிக்கு ஒருமுறை, பஸ்ஸுக்கு ஒருமுறை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. போதாததற்கு, வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும் தன்மையை ஒவ்வொன்றிலும் தனியாக ஒட்டவைக்க வேண்டும். 1966இல் பிரான்சில் நடந்த கோடைப்பள்ளியில் டோனி ஹோர் பதிவுகளை வகை, உள்வகை என்று பிரிப்பதைப் பற்றிச் சொன்ன யோசனை இவர்கள் மனதில் ஊறிக்கொண்டிருந்தது. 1966 முடிந்து 1967 பிறக்கும் சமயத்தில் விடை கிடைத்தது: ஒரு கிளாஸின் பெயருக்கு முன்னால் இன்னொரு கிளாஸின் பெயரை எழுதிவிட்டால், முன்னதில் உள்ளதெல்லாம் பின்னதிலும் இருப்பதாகக் கொள். அவ்வளவுதான். சிமுலா 67 பிறந்தது. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்து வந்தது. 2002இல், ஆறு வார இடைவெளியில், இருவரும் மறைந்துவிட்டார்கள்.

படத்தில் மரம் சரி. கணினியின் நினைவகத்தில் அது எப்படி இருக்கிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நாம் மரம் வரையும்போது மேலிருந்து கீழே கோடு இழுக்கிறோம். நினைவகத்தில் கோடு கீழிருந்து மேலே போகிறது. ஒவ்வொரு கிளாஸும் தன் தாய் யார் என்பதை மட்டும் குறித்துவைத்திருக்கும். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தாய்க்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நாளைக்கே ‘மின்சார பஸ்’ என்று ஒன்றை யாராவது எழுதினால், பஸ் கிளாஸைத் தொட வேண்டாம். புதிதாக வந்தது ‘என் தாய் பஸ்’ என்று சொல்லிக்கொண்டால் போதும். ஒரு டிரெய்லரிடம் பதிவு எண் கேட்டால், அது தன்னிடம் தேடும். இல்லையென்றால் லாரியிடம், அங்கும் இல்லையென்றால் கனரக வாகனத்திடம், கடைசியில் வாகனத்திடம். எங்கே முதலில் பதில் கிடைக்கிறதோ அதோடு தேடல் நிற்கும். டிரெய்லர் தனக்கென்று ஒரு கட்டணம் எழுதிவைத்திருந்தால் லாரியின் கட்டணம் கண்ணிலேயே படாது.

சரி, ‘இந்த வண்டி கனரகமா?’ என்று கேட்டால்? ஒவ்வொரு தாயாக மேலே ஏறிப் பார்க்கலாம். மரம் உயரமானால் நேரம் ஆகும். இதற்கு ஒரு அழகான குறுக்குவழி உண்டு. வேரிலிருந்து தொடங்கி, ஒரு கிளையை முழுவதும் முடித்த பிறகே அடுத்த கிளைக்குப் போவது என்ற ஒழுங்கில் எண் போடுங்கள். வாகனம் 1, இலகு 2, கார் 3, மினி பஸ் 4, கனரகம் 5, பஸ் 6, லாரி 7, டிரெய்லர் 8. ஒவ்வொரு கிளாஸும் தன் எண்ணையும் தன் வம்சத்தின் கடைசி எண்ணையும் வைத்துக்கொள்ளட்டும். கனரகத்துக்கு 5 முதல் 8, இலகுவுக்கு 2 முதல் 4. டிரெய்லரின் எண் 8. அது 5க்கும் 8க்கும் நடுவில் அடங்குகிறது, ஆகவே கனரகம். 2க்கும் 4க்கும் நடுவில் இல்லை, ஆகவே இலகு இல்லை. இரண்டே ஒப்பீடு. மரம் ஆயிரம் அடுக்கு போனாலும் இரண்டே.

குறை என்னவென்றால், மின்சார பஸ் வந்த அன்றைக்கு எண்களை மறுபடி போட வேண்டும். ஜாவா போன்ற மொழிகளில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுக் கிளாஸ்கள் வந்து சேரும் என்பதால் இது ஒத்துவராது. அங்கே வேறு உத்தி. 1991இல் நார்மன் கோஹன் எழுதிக்காட்டியது. ஒவ்வொரு கிளாஸும் தன் முன்னோர்களை அடுக்கு வாரியாக ஒரு வரிசையில் வைத்திருக்கும். டிரெய்லரின் வரிசை: வாகனம், கனரகம், லாரி, டிரெய்லர். கனரகம் எப்போதும் இரண்டாவது அடுக்கு. ஆகவே எந்த வண்டி வந்தாலும் அதன் வரிசையில் இரண்டாவது கட்டத்தைப் பார். அங்கே கனரகம் இருந்தால் ஆம், இல்லையென்றால் இல்லை. ஒரே பார்வை. புதுக் கிளாஸ் பிறந்தால் தாயின் வரிசையை அப்படியே நகலெடுத்து, கடைசியில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். வேறு யாரையும் தொந்தரவு செய்யாது. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் எந்திரம் எட்டு அடுக்குவரை இதே முறையைத்தான் கையாள்கிறது.

மொழி வடிவமைப்பாளர்களுக்கு மரத்தின்மீது இத்தனை ஆசை வரக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆளுக்கு ஒரே தாய் என்று வைத்துவிட்டால் எந்த இலையிலிருந்தும் வேருக்கு ஒரே ஒரு வழிதான். ஒரே வழி இருப்பதால்தான் எண் போட முடிகிறது, வரிசை போட முடிகிறது, ஒரே பார்வையில் பதில் சொல்ல முடிகிறது. உலகம் அப்படி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பரனூரிலேயே பார்க்கலாம். வெள்ளை போர்டு சொந்தக் காரும் மஞ்சள் போர்டு டாக்சியும் ஒரே மாடலாக இருக்கலாம். சாவடிக்கு இரண்டும் ஒரே வகை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டும் வேறு வேறு வகை. அங்கே முதல் கிளையே வாடகைக்கு ஓடுவதா இல்லையா என்றுதான் பிரிகிறது. சாவடி ஆக்சிலை எண்ணி மரம் வளர்க்கிறது, ஆர்.டி.ஓ. பயன்பாட்டைப் பார்த்து வளர்க்கிறது. எந்த மரம் சரி என்று கேட்பதில் அர்த்தமில்லை. கேள்வி மாறினால் மரம் மாறும். ஒரு அலுவலகத்தின் மரத்தை இன்னொரு அலுவலகத்தின் மென்பொருளில் கொண்டுபோய் நட்டவர்கள் பட்ட பாட்டை ஐ.டி. வேலையில் இருக்கிறவர்கள் விடிய விடியச் சொல்வார்கள்.

இலை ஆகாத கிளைகளும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் அடிக்கடி ஒரு காட்சி: இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் உள்ள வெறும் சேசிஸை, மேலே கூரைகூட இல்லாமல், ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்ட டிரைவர் வெயிலில் ஓட்டிப் போவார். அது கரூர்ப் பட்டறைக்குப் போனால் பஸ்ஸாகும், நாமக்கல் பக்கம் போனால் லாரியாகும். பாடி கட்டாமல் அதில் ஆளும் ஏற்ற முடியாது, சரக்கும் ஏற்ற முடியாது. நம் மரத்தில் ‘கனரக வாகனம்’ அப்படிப்பட்டது. அதிலிருந்து பிள்ளைகள் பிறக்கலாம். அதையே ஒரு வண்டியாக வரிசையில் நிறுத்த முடியாது. ஜாவாவில் இதை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்பார்கள்.

பைக்குகள் பரனூரில் கட்டணம் கட்டாமல் ஓரத்து வழியாகப் போய்விடுகின்றன. அவசரக்கார புரோகிராமர் பைக்கையும் வாகனத்தின்கீழ் ஒரு கிளையாகப் போட்டு, ‘கட்டணம்’ கேட்டால் பிழை என்று அலறும்படி எழுதிவைப்பார். வரிசையில் நிற்பதெல்லாம் கேட்டதற்குத் தொகை சொல்லும் என்று நம்பி எழுதப்பட்ட சாவடி நிரல், முதல் பைக் வந்ததும் படுத்துவிடும். தாய் எங்கெல்லாம் செல்லுபடியாகிறாளோ அங்கெல்லாம் பிள்ளையை நிறுத்தினாலும் வேலை கெடக்கூடாது என்பது பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஒரு மாநாட்டு உரையில் சொன்ன விதி. 1994இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து அதைக் கணித வடிவிலும் எழுதினார். படம் பார்த்தால் பைக்கும் வாகனம்தான். வாகனம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவரை நிரலில் அது வாகனம் ஆகாது.

இதைவிடப் பெரிய தலைவலி ஆம்புலன்ஸ். அதற்குக் கட்டணம் கிடையாது. தீயணைப்பு வண்டிக்கும் கிடையாது. ஆம்புலன்ஸ் பெரும்பாலும் வேன், ஆகவே இலகுவின் கிளை. தீயணைப்பு வண்டி லாரி, ஆகவே கனரகத்தின் கிளை. ‘கட்டண விலக்கு’ என்ற ஒரே தன்மை மரத்தின் இரண்டு கோடியிலும் தனித்தனியாக எழுதப்படுகிறது. டாலும் நிகார்டும் எதிலிருந்து தப்பிக்க மரபுரிமையைக் கண்டுபிடித்தார்களோ அதே தொல்லை. விலக்கு வாகனம் என்று ஒரு கிளாஸ் எழுதி, ஆம்புலன்ஸுக்கு வேன் ஒரு தாய், விலக்கு வாகனம் ஒரு தாய் என்று இரண்டு தாய் கொடுத்தால்? அந்தக் கணமே மரம் மரமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வேருக்கு இரண்டு வழி. மேலே வாகனம், நடுவில் இரண்டு தாய்கள், கீழே ஆம்புலன்ஸ். கோடு போட்டால் வைரக்கல் வடிவம். இந்தச் சிக்கலுக்குப் பெயரே வைரச் சிக்கல்தான். 1989இல் சி பிளஸ் பிளஸ் மொழியின் 2.0 பதிப்பில் பல தாய் வசதி வந்தபோது, தனியாகச் சொல்லாவிட்டால் வாகனத்தின் நகல் இரண்டு வழியாகவும் வந்து சேரும். ஒரே ஆம்புலன்ஸுக்கு இரண்டு நம்பர் பிளேட்! 1995இல் வந்த ஜாவா வம்பே வேண்டாம் என்று ஒரே தாய் சட்டம் போட்டது. கூடுதல் தன்மைகளை இன்டர்ஃபேஸ் என்ற பெயரில் வெறும் வாக்குறுதியாக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 2014இல் ஜாவா 8 அந்த வாக்குறுதிகளுக்குள் நிரலும் எழுத இடம் கொடுத்ததும் வைரம் பின்வாசல் வழியாக மறுபடி வந்தது.

இரண்டு தாய் என்றதும் சாவடியிலிருந்து கொஞ்சம் வடக்கே, சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊருக்கே பெயர் கொடுத்தவரிடம் போகத்தான் வேண்டும். பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்து எடுத்த கோயிலில் வீற்றிருக்கிறார். மூலவரும் பாறையும் ஒன்றே என்பதால் அவரை வலம்வர குன்றையே சுற்ற வேண்டும். அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண். அர்ச்சகர் தீபம் காட்டி, திருமண்ணை விலக்கித் தரிசனம் செய்துவைப்பார்.

பைதான் 3இல் கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘உயிரி’ என்று ஒரு கிளாஸ். அதில் ‘பேசு’ என்றால் மௌனம். அதன் பிள்ளைகள் சிங்கமும் மனிதனும். சிங்கம் ‘பேசு’வைத் தொடவில்லை, மனிதன் அதை மாற்றி எழுதிவிட்டான். நரசிம்மருக்குச் சிங்கம், மனிதன் என்று இந்த வரிசையில் இரண்டு தாய்கள். மூன்றாவது கண் இருவரிடமும் இல்லை. அது இங்கே புதிதாகச் சேர்ந்தது. இப்போது நரசிம்மரைப் பேசச் சொன்னால் என்ன நடக்கும்? பழைய பைதான் இடது கிளையில் உச்சிவரை ஏறிவிட்டுத்தான் வலது கிளைக்கு வரும். சிங்கத்திடம் இல்லை, அதற்கு மேலே உயிரியிடம் மௌனம் இருக்கிறது, போதும் என்று நின்றுவிடும். பேசத் தெரிந்த மனிதன் பக்கத்திலேயே இருந்தும் அவனைக் கேட்கவே இல்லை. பிறகு இது திருத்தப்பட்டது. 2003இல் வந்த பைதான் 2.3, டிலன் மொழிக்காக 1996இல் எழுதப்பட்ட சி3 என்ற முறையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் எல்லாரையும் கேட்ட பிறகே பொதுத் தாயைக் கேட்க வேண்டும் என்று வைத்தது. இப்போது வரிசை நரசிம்மர், சிங்கம், மனிதன், உயிரி. பேசுவார். வலை போலப் பின்னிக் கிடப்பதைக் கேட்கும் நேரத்தில் ஒற்றை வரிசையாக நீட்டிவிடுவதுதான் பைதானின் சமாளிப்பு.

ஆனால் புராணத்தை இன்னொரு தடவை யோசித்தால் இந்த நிரல் தப்பு. இரணியன் வாங்கிய வரம் என்ன? மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது. நிரல் மொழியில் அவை இரண்டு சோதனைகள்: வந்தவன் மனிதனா, வந்தது மிருகமா, ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் வரம் வேலை செய்யும். நம் கிளாஸில் நரசிம்மர் சிங்கத்துக்கும் பிள்ளை, மனிதனுக்கும் பிள்ளை. பைதான் இரண்டு கேள்விக்கும் ஆம் என்றே சொல்லும். இரணியன் பிழைத்துவிடுவான்! கதை நடக்க வேண்டுமானால் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வர வேண்டும். அதாவது அவர் சிங்கமும் அல்ல, மனிதனும் அல்ல. சிங்கத்தின் தலையையும் மனித உடலையும் கொண்டவர். ஒன்றாக இருப்பது வேறு, ஒன்றைக் கொண்டிருப்பது வேறு.

1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் நால்வரும் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் புரோகிராமர்களுக்குத் தந்த முக்கியமான புத்திமதியும் இதுவே: மரபுரிமையைவிட உறுப்பாகச் சேர்ப்பதை விரும்பு. ஆம்புலன்ஸுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாகனத்துக்குள்ளும் ‘கட்டண முறை’ என்று ஒரு இடத்தைக் காலியாக விட்டுவைக்கலாம். காரில் அந்த இடத்தில் கார் விகிதம் உட்காரும், டாரஸ் லாரியில் மூன்று ஆக்சில் விகிதம், ஆம்புலன்ஸிலும் தீயணைப்பு வண்டியிலும் ‘விலக்கு’. ஆண்டுதோறும் விகிதம் ஏறும்போது அந்த உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். மரத்தை வெட்டி நட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், மரத்தை இரண்டு அடுக்குக்கு மேல் வளர்க்க ஆசை வரும்போதெல்லாம் உறுப்பாகச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

2009இல் வெளியான கோ மொழியிலும், 2015இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட்டிலும் கிளாஸ் மரபுரிமையே கிடையாது. அதற்காக மரங்கள் பட்டுப்போய்விடவில்லை. ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் டிக் அடிக்கும் சிறு கட்டம் ஆறு தலைமுறைக் குடும்பம்: செக்பாக்ஸின் தாய் காம்பவுண்ட்பட்டன், அதன் தாய் பட்டன், அதன் தாய் டெக்ஸ்ட்வியூ, அதன் தாய் வியூ, உச்சியில் ஆப்ஜெக்ட். படம் போட்ட பட்டனுக்கு அதே ஆண்ட்ராய்டில் இமேஜ்பட்டன் என்று பெயர். அது படமும்தான், பட்டனும்தான். ஜாவா ஒரே தாயைத்தான் அனுமதிக்கும் என்பதால் இமேஜ்வியூவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இமேஜ்பட்டனிடம் போய் ‘நீ பட்டனா?’ என்று கேட்டால், ஆண்ட்ராய்டு இன்றுவரை இல்லை என்றுதான் சொல்கிறது.